பிரான்ஸ் கிராமப்பக்கம் ஐந்து நாள்: முதலில் குகை டிக்கெட், மற்றதெல்லாம் அப்புறம்

கேள்வி: செப்டம்பர் நடுவில் பாரிஸில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போகிறோம். நான், மனைவி, 9 வயது மகன், 68 வயது அம்மா. அம்மாவுக்கு முழங்கால் வலி, படி ஏறுவது சிரமம். ஐந்து நாள் கிராமப்பக்கம் போய்ப் பழைய குகை, கோட்டை, ஆறு எல்லாம் பார்க்க ஆசை. லுவார் கோட்டைகள், மோன் சான் மிஷெல், ப்ரொவான்ஸ் மூன்றையும் சேர்த்துப் பார்த்துவிட முடியுமா? நாங்கள் சுத்த சைவம். கார் வாடகைக்கு எடுத்து நானே ஓட்டலாம் என்று நினைக்கிறேன்.

பதில்: மூன்றையும் சேர்க்காதீர்கள். மோன் சான் மிஷெல் வடமேற்குக் கடற்கரையில் இருக்கிறது, ப்ரொவான்ஸ் தென்கிழக்குக் கோடியில். இரண்டையும் ஐந்து நாளில் தொட்டுவிட்டு வருவதென்றால் பாதிப் பொழுது நெடுஞ்சாலையிலேயே கழிந்துவிடும், முழங்கால் வலியோடு அம்மா அவ்வளவு நேரம் காலை மடக்கி உட்கார்ந்திருக்க வேண்டும். நீங்கள் கேட்கிற குகை, கோட்டை, ஆறு மூன்றும் பக்கம் பக்கமாக இருக்கிற இடம் ஒன்று உண்டு. தென்மேற்கில் டோர்டோன் ஆறும் அதன் துணையாறான வெசேரும் ஓடுகிற பகுதி. அங்கே சர்லா என்ற சிறிய ஊரில் ஐந்து நாளுக்கும் ஒரே வீட்டை எடுத்துத் தங்குங்கள். விடுமுறைக்கு வாடகைக்கு விடும் வீட்டை அங்கே ஜீத் என்பார்கள், சமையலறையோடு கிடைக்கும். ஜூலை, ஆகஸ்டில் சனி முதல் சனி வரை வாரக்கணக்கில்தான் பெரும்பாலும் தருவார்கள், செப்டம்பரில் அந்தக் கெடுபிடி குறைவு.

வீடு பார்ப்பதற்கும் முன்னால் செய்ய வேண்டியது குகை டிக்கெட். பலரும் இதைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு ஏமாந்து திரும்புகிறார்கள், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். கோட்டையை எப்போது போனாலும் பார்க்கலாம். கற்கால மனிதர்கள் வரைந்த ஓவியக் குகைக்குள் மட்டும் ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள், அதற்குக் காரணம் லாஸ்கோவில் நடந்தது.

1940 செப்டம்பர் 12 அன்று நான்கு பையன்கள் மோன்டின்யாக் ஊருக்கு மேலே உள்ள காட்டில் ஒரு பொந்து வழியாக இறங்கி லாஸ்கோ குகையைக் கண்டார்கள். சுவரெல்லாம் காளையும் குதிரையும் மானும், ஒரு காளை மட்டும் 5 மீட்டருக்கு மேல் நீளம். 1948-ல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள், நாள்தோறும் நூற்றுக்கணக்கானோர் உள்ளே போனார்கள், அவர்கள் விட்ட மூச்சுக்காற்றும் வியர்வையின் ஈரமும் விளக்கு வெளிச்சமும் சேர்ந்து சுவரில் பச்சைப் பாசியையும் வெள்ளைச் சுண்ணப் படிவையும் கொண்டுவந்துவிட்டன. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அப்படியே இருந்த ஓவியம் பதினைந்தே ஆண்டில் கெடத் தொடங்கியதைப் பார்த்து, 1963-ல் அமைச்சர் ஆந்த்ரே மால்ரோ குகையை மூடச் சொன்னார். இன்றுவரை திறக்கவில்லை. நீங்கள் பார்க்கப்போவது 2016 டிசம்பரில் மலையடிவாரத்தில் திறந்த ‘லாஸ்கோ 4’ என்ற முழு நகல். நகல்தானே என்று தள்ளிவிடாதீர்கள், பாறையின் மேடு பள்ளம் வரை அப்படியே எடுத்திருக்கிறார்கள். அம்மாவுக்கும் ஏற்ற இடம், சக்கர நாற்காலியே போகலாம்.

ஆனால் அசலையும் ஒன்று பார்த்துவிட வேண்டும், அதற்கு ரூஃபின்யாக் குகைதான் உங்கள் குடும்பத்துக்குச் சரி. உள்ளே சின்ன மின்சார ரயில் ஓடுகிறது, அம்மா உட்கார்ந்தபடியே மலைக்குள் ஒரு கிலோமீட்டர் போல போய்வரலாம். போகும் வழியில் இரண்டு பக்கமும் களிமண் சுவரில் கோடு கோடாகக் கீறல் தெரியும், பையனுக்குக் காட்டுங்கள். மனிதன் வருவதற்கு வெகுகாலம் முன்பு அங்கே குளிர்காலத்தைத் தூங்கிக் கழித்த குகைக்கரடிகளின் நகம் பட்ட தடம் அது, அவை சுருண்டு படுத்த குழிகளும் தரையில் இருக்கின்றன. ரயில் நின்று வழிகாட்டி விளக்கைத் திருப்பும்போது சுவரில் ஒரு மாமத் யானை வந்து நிற்கும், கறுப்புக் கோட்டில் வளைந்த தந்தமும் தொங்கும் ரோமமும். கடைசியில் விதானம் முழுக்க மாமத், காட்டெருமை, குதிரை, வரையாடு. இப்போது தரையைத் தோண்டி ஆழமாக்கியிருப்பதால் நின்று பார்க்கிறோம், வரைந்தவர்களுக்கு அங்கே ஒரு மீட்டர் உயரம்தான் இருந்தது, மல்லாந்து படுத்துக்கொண்டு முழு விலங்கையும் ஒரே பார்வையில் காண முடியாமல் வரைந்திருக்கிறார்கள். நான் எத்தனை முறை போனாலும் அந்த இடத்தில் பேச்சு வருவதில்லை. போகிற அன்று காலை முதல் ஆளாகப் போய் நில்லுங்கள், மதியம் இடைவேளை விட்டு மூடிவிடுவார்கள், படம் எடுக்க அனுமதி கிடையாது.

லேசெஸீ ஊரில் ஃபோன் த கோம் என்ற குகையும் உண்டு, பல வண்ண ஓவியங்களின் அசலை இன்னும் காட்டுகிற மிக அரிய இடம். ஆனால் டிக்கெட் கொடுக்கும் இடத்திலிருந்து குகை வாயிலுக்கு ஏற்றத்தில் நடக்க வேண்டும், உள்ளேயும் குறுகல். டிக்கெட் கிடைத்தால் நீங்களும் மனைவியும் மாறி மாறிப் போங்கள். அம்மாவை ஏற்ற வேண்டாம்.

அம்மாவின் முழங்காலுக்காக இன்னொரு எச்சரிக்கை. ரொக்கமடூர் என்ற மலைச்சரிவு யாத்திரைத் தலம் சர்லாவிலிருந்து காரில் ஒரு மணி நேரம். கீழ்த்தெருவிலிருந்து கறுப்பு மாதா கோயிலுக்கு 216 படி, அந்தக் காலத்தில் யாத்திரிகர்கள் முட்டி போட்டே ஏறிய படிகள். பயப்படாதீர்கள், லிஃப்ட் இருக்கிறது, கட்டணம் உண்டு, தாராளமாகப் போகலாம். அதற்கு அருகிலுள்ள படிராக் பாதாளம் வேறு கதை. 75 மீட்டர் ஆழத்துக்குப் பூமி வாய் பிளந்த மாதிரி ஒரு குழி, அதற்கும் கீழே நிலத்தடி ஆற்றில் படகு. இறங்க லிஃப்ட் இருக்கிறது என்று நம்பி அம்மாவைக் கூட்டிப்போகாதீர்கள், படகிலிருந்து இறங்கிய பிறகும் ஏகப்பட்ட படி ஏறி இறங்க வேண்டும். மகனுக்கு அது வாழ்நாளுக்கும் மறக்காது, ஆகவே ஒருவர் அவனோடு போக, இன்னொருவர் அம்மாவோடு ரொக்கமடூரில் இருப்பதுதான் நல்லது.

அம்மா ஆற்றைப் பார்க்க லா ரோக் கஜாக் ஊருக்குப் போங்கள். செங்குத்துப் பாறையை ஒட்டி ஒரு வரிசை வீடு, முன்னால் டோர்டோன் ஆறு. கபார் என்ற தட்டையான மரப்படகில் ஒரு மணி நேரம் போல சுற்றிக் காட்டுவார்கள். காஸ்தெல்நோ கோட்டை தண்ணீரிலிருந்தே தெரியும். அதற்கு எதிர்க்கரையில் சற்றுத் தள்ளி பேனாக் கோட்டை. இங்கிலாந்தும் பிரான்ஸும் மோதிக்கொண்ட நூறாண்டுப் போரில் இரண்டும் எதிரெதிர் அணியில் நின்றவை. கல்லெறியும் பழைய போர் யந்திரங்களைப் பையன் பார்க்க ஆசைப்பட்டால் காஸ்தெல்நோ மேட்டில் அவனோடு நீங்கள் ஏறுங்கள்.

செப்டம்பர் மூன்றாவது சனி, ஞாயிறு பாரம்பரிய நாட்கள், நாடு முழுக்க வழக்கமாகப் பூட்டியிருக்கும் பல பழைய கட்டடங்களைத் திறந்துவிடுவார்கள். உங்கள் தேதியை அதற்கு ஏற்ப நகர்த்த முடிந்தால் நகர்த்துங்கள்.

சாப்பாடு. அந்தப் பக்கம் வாத்து நாடு, சைவத்துக்குக் கொஞ்சம் சோதனைதான். சர்லா உருளைக்கிழங்கு என்று உணவுப் பட்டியலில் பார்த்ததும் பாதுகாப்பு என்று நினைத்துவிடாதீர்கள், வாத்துக் கொழுப்பில் வதக்குவார்கள். ‘ஸான் வியாந்த், ஸான் புவாஸோன், ஸான் க்ரேஸ் த கனார்’ என்றால் இறைச்சி, மீன், வாத்துக் கொழுப்பு இல்லாமல் என்று அர்த்தம். தம்பியை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லி நீட்டுங்கள். பாரிஸில் லா ஷப்பெல் பக்கம் உள்ள நம் தமிழ்க் கடைகளில் அரிசி, பருப்பு, பொடி வாங்கிக்கொண்டு போய் இரவுச் சமையலை வீட்டிலேயே வைத்துக்கொண்டால் அம்மாவுக்கு நிம்மதி. சர்லா சந்தை புதன், சனி காலையில். காய், ஆட்டுப்பால் சீஸ், அக்ரூட் கொட்டை எல்லாம் கிடைக்கும். மதியம் வெளியில் சாப்பிடுவதானால் 12 முதல் ஒன்றரைக்குள் உட்கார்ந்துவிட வேண்டும். ஒருமுறை நான் குழந்தைகளோடு இரண்டேகாலுக்கு ஓர் உணவகத்துக்குப் போய், அடுப்பை அணைத்துவிட்டோம் என்று கைவிரித்துவிட்டார்கள், ஊர்க் கடைகளும் பூட்டு, காரில் கிடந்த பிஸ்கட்தான் அன்று சாப்பாடு. ஞாயிறு மதியமும் திங்களும் இன்னும் மோசம்.

போக்குவரத்து: பாரிஸ் ஓஸ்தர்லிட்ஸ் நிலையத்திலிருந்து ப்ரீவ் வரை நாலரை மணி நேர ரயில், அங்கே கார் எடுத்தால் சர்லா ஒரு மணி நேரம். பேருந்தை நம்பி இந்தப் பகுதியைப் பார்க்க முடியாது, ஆகவே கார் முடிவு சரியானது. நம் லைசென்ஸோடு ஆர்டிஓவில் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வாங்குங்கள், ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் இப்போதே சொல்லிவையுங்கள். வலப்பக்கம் ஓட்டுவது அரை நாளில் பழகிவிடும். பழகாதது வேறு. ஊர்ப்பெயர்ப் பலகை இருந்தால் அதுவே 50 கிலோமீட்டர் வேகம் என்று அர்த்தம், தனியாக எண் போட மாட்டார்கள், பெயரின் மேல் சிவப்புக் கோடு போட்ட பலகை வரும்வரை அதுதான் வேகம். சின்ன ஊர்களில் வேறு பலகை இல்லாவிட்டால் வலப்பக்கச் சந்திலிருந்து வருகிற வண்டிக்கே முதல் உரிமை, அது சந்து மாதிரிதான் இருந்தாலும் நின்று விடுங்கள்.

அப்புறம், வெளியே வெயில் அடித்தாலும் குகைக்குள் 13 டிகிரிதான். அம்மாவுக்கு ஸ்வெட்டரும் காலுறையும் காரிலேயே இருக்கட்டும்.