எழுதியவர் யார்?

வணக்கம் அண்ணா,

கோவையில் காரில் போகும்போதெல்லாம் எஃப்எம்தான் கேட்கிறேன். நேற்று அரை மணி நேரத்தில் மூன்று அலைவரிசையில் ஒரே ரஜினி பாட்டு. நடுவில் விளம்பரம், ஆர்ஜேக்களின் வளவளப்பு. இலங்கை வானொலியில் இந்த வியாபாரமெல்லாம் கிடையாது என்கிறார் அப்பா. தனியார் எஃப்எம் ஏன் இப்படி ஆனது?

கா.

அன்புள்ள கா.,

அப்பா கேட்டதே இலங்கை வானொலியின் வர்த்தக சேவையைத்தான். 1950-ல் தொடங்கியது. 1952-ல் இங்கே தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி.கேஸ்கர் ஆகாசவாணியில் சினிமாப் பாட்டை ஒதுக்கிவைக்க, நேயர்கள் கொழும்புக்குத் திரும்பினார்கள். விளம்பரக்காரர்களும் பின்னாலேயே போனார்கள். போனவர்களைத் திரும்ப இழுக்க 1957-ல் ஆகாசவாணியின் விவித் பாரதி வந்தது. பத்து வருடத்தில் அதிலும் விளம்பரம். ஆகவே வியாபாரத்தைத் திட்டாதீர்கள்.

சூரியன் எஃப்எம்மும் ரேடியோ மிர்ச்சியும் 2003-ல் சென்னைக்கு வந்தபோது உரிமக் கட்டணம் ஆண்டுக்கு 15 சதவீதம் ஏறிக்கொண்டிருந்தது. 2005-ல்தான் அதை வருமானத்தில் 4 சதவீதம் என்று மாற்றினார்கள். சொந்தமாகச் செய்தி சொல்லவும் அனுமதி இல்லை. போட்ட பணத்தை எடுக்க வேண்டியவர் ஹிட் பாட்டைத்தான் சுற்றிச் சுற்றிப் போடுவார். எது எத்தனை மணிக்கு என்பதை மென்பொருளே வரிசை போட்டுவிடும். ஆர்ஜே பேசட்டும், பாவம், அது அவர்கள் பிழைப்பு.

ஆனால் பேசுகிற அத்தனை பேச்சில் பாட்டு எழுதியவர் பெயரைச் சொல்ல ஏன் வாய் வருவதில்லை? கொஞ்ச நாளாக நான் பொருமிக்கொண்டிருப்பது இதற்குத்தான்.

திருச்செந்தூர் பக்கம் என் மாமாவுக்குத் தையல் கடை. காலையில் இலங்கை வானொலியின் 'பொங்கும் பூம்புனல்' ஓடும்போது நான் நான்கு கட்டம் போட்ட நோட்டோடு உட்கார்ந்திருப்பேன்: படம், பாடியவர், இசை, இயற்றியவர். அலை தேய்ந்தால் பெரும்பாலும் கவிஞர் பெயர்தான் போகும். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு, அதே பாட்டு மறுபடி வருகிறவரை காத்திருப்பேன். மாமா காஜா எடுத்துக்கொண்டே, "கண்ணதாசன்னு போடுடா, முக்கால்வாசி சரியா இருக்கும்" என்பார். எனக்கு மனசு ஒப்பாது. மருதகாசி, கு.மா.பாலசுப்பிரமணியம் எல்லாரும் எனக்கு அறிமுகமானது அப்படித்தான்.

அன்று அந்தப் பெயரைச் சொல்ல இசைத்தட்டின் உறையைப் பார்க்க வேண்டும். இன்று எல்லாம் திரையில் கண்ணெதிரே வந்து நிற்கிறது. மூன்று நொடி ஆகுமா? ஹீரோ பெயரை மட்டும் மூன்று முறை சொல்கிறார்கள்.

நீங்கள் மட்டும் என்னவாம்? 'ரஜினி பாட்டு' என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தப் பாட்டு தம்பி? வாலியா, வைரமுத்துவா, பஞ்சு அருணாசலமா? மூன்று முறை கேட்டீர்களே, ஒரு முறையாவது தேடிப் பார்க்கத் தோன்றவில்லையா? பார்த்துவிட்டு அடுத்த கடிதம் எழுதுங்கள். அப்பாவுக்கு என் வணக்கம்.