டேட்டா சென்டர்களின் எதிர்காலத்தை மின்சாரமும் சூடும்தான் தீர்மானிக்கும்

கேள்வி: எட்ஜ் கம்ப்யூட்டிங் (தூரத்துச் சர்வருக்கு அனுப்பாமல் பக்கத்திலேயே கணக்கிடுவது) வளர்ந்து, போனிலேயே ஏஐ ஓட ஆரம்பித்துவிட்டால், பெரிய டேட்டா சென்டர்களுக்கு இனி வேலை இருக்குமா?

இருக்கும், இப்போதைவிட அதிகமாகவே இருக்கும். குரலைப் புரிந்துகொள்வது, படத்தைத் திருத்துவது மாதிரி சின்ன வேலைகளைப் போன் பார்த்துக்கொள்ளும். ஆனால் அந்தப் போனுக்குள் உட்காரும் மாடலைப் பயிற்றுவிப்பது ஏதோ ஒரு பெரிய கூடத்தில்தான். சர்வதேச எரிசக்தி முகமையின் கணக்குப்படி 2024-இல் உலக டேட்டா சென்டர்கள் இழுத்த மின்சாரம் சுமார் 41,500 கோடி யூனிட். 2030-க்குள் அது 94,500 கோடியைத் தொடலாம் என்கிறார்கள்.

நான் இந்தத் துறையில் சர்வர் பக்கம் இல்லை. மின்சாரம், குளிரூட்டல் பக்கம். எங்கள் வேலைதான் இப்போது தலைகீழாக மாறிக்கொண்டிருக்கிறது.

சர்வர்களை அடுக்கிவைக்கும் அலமாரியான ரேக் ஒன்றுக்கு 5 முதல் 10 கிலோவாட் என்றுதான் பல காலம் கணக்குப் போட்டு வந்தோம். என்விடியாவின் ஜிபி200 என்விஎல்72 என்ற ஏஐ ரேக் ஒன்றே சுமார் 120 கிலோவாட் இழுக்கிறது. உள்ளே போகிற மின்சாரம் முழுக்கக் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும். அவ்வளவு சூட்டைக் காற்று ஊதி எடுக்க முடியாது. அதே கன அளவுள்ள நீர் காற்றைப்போல 3,000 மடங்குக்கும் மேல் சூட்டைச் சுமக்கும் என்பதால், குழாய் நேராகச் சிப்பின் தலைக்கே வந்துவிட்டது.

அந்தச் சிப்பின் மேல் உட்காரும் உலோகத் தகட்டுக்குள் ஓடும் கால்வாய்கள் தலைமுடி அளவுக்கு மெல்லியவை. புதுக் குழாயில் தங்கிவிட்ட வெல்டிங் துகள் போதும், அடைத்துக்கொள்ளும். அதனால் சர்வரை இணைப்பதற்கு முன் குழாயைத் திரும்பத் திரும்ப அலசி, வடிகட்டியில் என்ன தங்கியிருக்கிறது என்று பார்ப்பதே பெரிய வேலை. காற்றில் குளிரும் கூடத்தில் சில்லர் (குளிர்நீர் தரும் இயந்திரம்) நின்றாலும் சுதாரித்துக்கொள்ளச் சில நிமிடம் கிடைக்கும். இங்கே பம்ப் நின்றால் கையில் இருப்பது நொடிகள்தான். அதனால் பம்பையும் யூபிஎஸ்ஸில் போட வேண்டியிருக்கிறது. ரேக்கின் எடையும் 1.3 டன்னைத் தாண்டுகிறது. பழைய கட்டடங்கள் பலவற்றின் தளம் அதைத் தாங்காது.

சரி, மின்சாரம் எங்கிருந்து வரும்? என்னைக் கேட்டால் இதுதான் உண்மையான சிக்கல். அயர்லாந்தில் 2015-இல் மொத்த மின் பயன்பாட்டில் 5 சதவீதமாக இருந்த டேட்டா சென்டர்களின் பங்கு, 2023-இல் 21 சதவீதம். சிங்கப்பூர் 2019-இல் புது அனுமதிகளையே நிறுத்திவைத்து, 2022-இல்தான் கட்டுப்பாடுகளோடு திறந்துவிட்டது. அமெரிக்காவில் திரீ மைல் ஐலண்டில் 2019-இல் மூடிய அணு உலையை மறுபடி ஓட்டி, அந்த மின்சாரத்தை 20 வருடம் வாங்க மைக்ரோசாஃப்ட் ஒப்பந்தம் போட்டிருக்கிறது.

2024 ஜூலையில் வடக்கு வர்ஜீனியாவில் நடந்ததை இந்தத் துறையில் இருக்கிற எல்லோரும் படிக்க வேண்டும். ஒரு உயர் அழுத்த மின்பாதையில் கோளாறு. மின்னழுத்தம் நொடி நேரம் இறங்கி ஏறியது, அதுவும் அடுத்தடுத்துப் பல தடவை. டேட்டா சென்டர்களின் யூபிஎஸ் அதை எண்ணிக்கொண்டே இருந்து, ‘இந்த லைன் சரியில்லை’ என்று பேட்டரிக்கு மாறிவிட்டது. சுமார் 60 டேட்டா சென்டர்கள், 1,500 மெகாவாட், ஒரே நேரத்தில் கிரிட்டிலிருந்து, அதாவது பொது மின் வலையமைப்பிலிருந்து, காணாமல் போயின. தயாரான மின்சாரத்தை வாங்க ஆள் இல்லாமல் கிரிட்டில் மின்னழுத்தம் எகிறியது. ஒவ்வொரு யூபிஎஸ்ஸும் தனக்குச் சொல்லிக்கொடுத்ததைச் சரியாகத்தான் செய்தது. சொந்தக் கூடத்தை மட்டும் காப்பாற்றுகிற மாதிரி நாம் அமைத்திருக்கிறோம். அக்கம்பக்கத்து வீடுகளும் மருத்துவமனைகளும் அதே கிரிட்டில்தான் இருக்கின்றன. இனி எப்போது விலக வேண்டும், எப்படிப் படிப்படியாகத் திரும்ப வேண்டும் என்பதைக் கிரிட் நடத்துபவர்களோடு உட்கார்ந்துதான் முடிவு செய்ய வேண்டும்.

அப்புறம், கணக்கு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 500 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள டேட்டா சென்டர்கள் மின்சாரம், தண்ணீர் பயன்பாட்டை 2024 முதல் தெரிவிக்க வேண்டும். இது எல்லா நாட்டிலும் வர வேண்டும், அந்த எண்கள் பக்கத்தில் குடியிருப்பவர்கள் கண்ணில் படுகிற மாதிரியும் இருக்க வேண்டும்.