வீட்டிலேயே கிரீன் டீ: மூளையைக் காக்கும் என்று எழுதி விற்கலாமா?

கேள்வி: கோத்தகிரி பக்கத்தில் ஒன்றரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கிறேன். பசுந்தேயிலையை ஃபேக்டரிக்குப் போட்டுக் கட்டுப்படியாகவில்லை. வீட்டிலேயே கிரீன் டீ தயாரித்துச் சுற்றுலா வருகிறவர்களுக்கு விற்கலாம் என்று இருக்கிறேன். கிரீன் டீயில் உள்ள சத்து, மூளைச் செல்கள் அழற்சியால் அழியாமல் காக்கும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். பாக்கெட்டில் அப்படிப் போடலாமா? அந்தச் சத்து என் இலையில் கூடுதலாக இருக்க என்ன செய்ய வேண்டும்? என் அம்மாவுக்கு நடுக்குவாதம். இதே சத்தை மாத்திரையாக விற்கிறார்களாம், வாங்கிக் கொடுக்கலாமா?

பதில்: சகோதரி, அம்மாவைப் பற்றிக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மாத்திரை வேண்டாம். அவர் விரும்பினால் கிரீன் டீயாகவே ஒரு நாளைக்கு இரண்டு மூன்று கப் குடிக்கட்டும். அதையும் அவருக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்க வேண்டாம், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதைத் தேநீர் குறைத்துவிடும்.

மாத்திரையை ஏன் மறுக்கிறேன் என்றும் சொல்கிறேன். வீடியோவில் சொன்ன பொருளின் பெயர் ஈ.ஜி.சி.ஜி. தேயிலைக்குத் துவர்ப்பைத் தரும் கேட்டகின் என்ற பொருள்களில் கிரீன் டீயில் அதிகம் இருப்பது இதுதான். மூளையில் மைக்ரோக்ளியா என்ற செல்கள் உண்டு. கிருமியோ காயமோ வந்தால் எழுந்து வேலை செய்பவை அவை. அடங்க வேண்டிய நேரத்தில் அடங்காமல் போனால், அவை சுரக்கும் நைட்ரிக் ஆக்சைடும் அழற்சிப் புரதங்களும் பக்கத்து நரம்புச் செல்களையே கொல்லத் தொடங்கும். 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், பாக்டீரியாவின் மேலுறைப் பொருளைக் கொடுத்து மைக்ரோக்ளியாவைத் தூண்டினார்கள். ஈ.ஜி.சி.ஜி. சேர்த்தபோது அந்தச் சுரப்பு குறைந்தது, உடல் அசைவைச் சீராக வைக்கும் டோபமைனைச் சுரக்கும் செல்கள் பிழைத்தன. நடுக்குவாதத்தில் அழிவது அதே டோபமைன் செல்கள்தான். ஆகவே வீடியோக்காரர் சொன்னது கட்டுக்கதை இல்லை.

ஆனால் அது ஆய்வகத் தட்டில் நடந்தது. நாம் குடிக்கும் ஈ.ஜி.சி.ஜி.யில் மிகச் சிறு பகுதியே ரத்தத்துக்குப் போகிறது, மூளைக்குப் போய்ச் சேருவது அதைவிடக் குறைவு. செல்களின் மேல் ஊற்றிப் பார்த்த அளவு, கோப்பை கோப்பையாகக் குடித்தாலும் ரத்தத்தில் வராது. அதனால் செறிவூட்டிய மாத்திரையை வைத்தும் சோதித்தார்கள். நடுக்குவாதத்துக்கு நெருங்கிய உறவான ஒரு மூளைச் சிதைவு நோய்க்கு ஜெர்மனியில் 92 பேரைச் சேர்த்து, ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இதையும் மற்றவர்களுக்கு வெற்று மாத்திரையையும் 48 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2019-இல் வந்தது. நோயின் வேகம் குறையவில்லை. கல்லீரல் பாதிப்பால் மருந்தை நிறுத்த வேண்டி வந்தவர்களும் அதில் உண்டு. மாத்திரை வழியாக நாளொன்றுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் ஈ.ஜி.சி.ஜி. எடுப்பது கல்லீரலுக்கு ஆபத்தாகலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் எச்சரித்தது. வடிகட்டிக் குடிக்கும் கிரீன் டீயைப் பொதுவாகப் பாதுகாப்பானது என்றே அது சொன்னது.

ஜப்பானின் செண்டாய் பக்கம் 70 வயதைத் தாண்டியவர்களிடம் எடுத்த கணக்கெடுப்பில், கிரீன் டீ அதிகம் குடிப்பவர்களிடம் மறதிக் குறைபாடு குறைவாகத் தெரிந்தது. நல்ல செய்திதான். ஆனால் தேநீரால்தான் அப்படி என்று அதை வைத்து முடிவு கட்ட முடியாது. நடமாட்டமும் நட்பு வட்டமும் உள்ள முதியவர்களே அதிகம் தேநீர் குடிப்பவர்களாகவும் இருக்கலாம்.

எனவே பாக்கெட்டில் "மூளையைக் காக்கும்", "மறதி நோய் வராது" என்றெல்லாம் போடாதீர்கள். நோயைத் தடுக்கும், தீர்க்கும் என்று உணவுப் பொருளுக்கு விளம்பரம் செய்வதை 2018-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிமுறை தடுக்கிறது. சட்டத்தைத் தாண்டியும் ஒன்று இருக்கிறது. உங்கள் அம்மாவைப் போல ஒருவர் வீட்டில் இருக்கிற குடும்பம்தான் அந்த வரியை நம்பி வாங்கும்.

இனி தோட்டத்துக்கு வருவோம். இங்கேதான் உங்கள் கையில் நிறைய இருக்கிறது. கேட்டகின் அதிகம் இருப்பது மொட்டிலும் முதல் இரண்டு இலையிலும். இலை முற்ற முற்றக் குறையும், தண்டில் இன்னும் குறைவு. கிரீன் டீக்கு ஈரிலை ஒரு மொட்டு மட்டும் கையால் கிள்ளுங்கள், கத்தரி போட்ட இலை வேண்டாம். வெயில் கேட்டகினைக் கூட்டும், நிழல் குறைக்கும். ஜப்பானில் சில உயர்ரகத் தேயிலைக்குச் செடியை மூடி வளர்ப்பது சுவைக்காக, கேட்டகினுக்காக அல்ல. நிழல்வலை உங்களுக்குத் தேவையில்லை, நிழலுக்கு வைத்த சில்வர் ஓக் மரத்தின் கிளைகள் அடர்ந்திருந்தால் கழித்துவிடுங்கள். யூரியாவை அள்ளிப் போடாதீர்கள். தழைச்சத்து மிஞ்சினால் கேட்டகின் குறையும். கொப்புள நோய் விழுந்த கொழுந்தைத் தனியாக ஒதுக்குங்கள். மருந்து அடித்தால் தேயிலை வாரியம் அனுமதித்த மருந்தை மட்டும் அடித்து, அதற்குரிய காத்திருப்பு நாள் முடிந்தபின் பறியுங்கள். கிரீன் டீ வாங்குகிறவர் உடம்புக்கு நல்லது என்று நம்பித்தான் வாங்குகிறார்.

பறித்த இலையைச் சாக்கில் அமுக்கி வைத்தால் சூடேறிச் சிவந்துபோகும். இலை நசுங்கினால் உள்ளிருக்கும் நொதி கேட்டகினோடு கலந்து அதை வேறு பொருளாக மாற்றிவிடும், கறுப்புத் தேயிலை ஆவதே அப்படித்தான். கிரீன் டீக்கு அந்த நொதியை முதலிலேயே சூட்டில் கொல்ல வேண்டும். ஆகவே கூடையில் தளர்வாகக் கொண்டுவந்து அன்றைக்கே வேலையைத் தொடங்குங்கள். முதலில் இட்லிப் பானையில் ஒரு கைப்பிடி வைத்துப் பாருங்கள். நன்றாக ஆவி வந்தபின் மெல்லிய அடுக்காகப் பரப்பி ஒன்றிரண்டு நிமிடம் போதும். பச்சை வாடை போய், காம்பு ஒடியாமல் வளைய வேண்டும். எடுத்து விசிறி ஆற்றி, ஒரு மணி நேரம் விட்டுப் பாருங்கள். காம்போ ஓரமோ சிவந்தால் நொதி சாகவில்லை, அடுத்த முறை கொஞ்சம் கூடுதல் நேரம் வையுங்கள். பக்குவம் பிடிபட்டபின் கையால் மெதுவாக உருட்டி, சூடான காற்றில் உலர்த்துங்கள். விரலில் தேய்த்தால் மொறுமொறுவென நொறுங்க வேண்டும். ஏறக்குறைய 5 கிலோ கொழுந்துக்கு 1 கிலோ தூள் கிடைக்கும் என்று கணக்குப் போட்டு விலை வையுங்கள். வெளிச்சமும் ஈரமும் புகாத பையில் அடைத்து, சீக்கிரம் விற்றுவிடுங்கள். வைக்க வைக்கக் கேட்டகின் குறையும்.

லேபிளில் எதைப் போடுவது என்றால், முதல் தயாரிப்பின் மாதிரியை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் கொடுத்து மொத்தக் கேட்டகின் அளவைச் சோதியுங்கள். சர்வதேசத் தரம் குறைந்தது 7 சதவீதம் கேட்கிறது. உங்கள் அளவு நன்றாக வந்தால் அந்த எண்ணையும், பறித்த மாதத்தையும், ஊர்ப் பெயரையும் அச்சிடுங்கள். கொதிநீரை ஐந்து நிமிடம் ஆறவிட்டு, இரண்டு மூன்று நிமிடம் ஊறவைத்து, பால் சேர்க்காமல் குடிக்கவும் என்று ஒரு வரியும் சேருங்கள். விற்பனைக்கு முன் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும். சிறு அளவில் தயாரிக்க என்ன அனுமதி வேண்டும் என்பதைக் குன்னூர் தேயிலை வாரிய அலுவலகத்திலும், செய்முறைப் பயிற்சி உண்டா என்பதைக் தென்னிந்தியத் தோட்டக்காரர் சங்கமான உபாசியின் குன்னூர் வேளாண் அறிவியல் நிலையத்திலும் நேரில் போய்க் கேளுங்கள். போகும்போது நீங்கள் உலர்த்திய தூளில் ஒரு பொட்டலம் கொண்டுபோங்கள்.