தேக்கா, மாவா? முதலில் அந்த உத்திரங்களைத் திருப்பிப் போடுங்கள்

கேள்வி: காரைக்காலில், கடற்கரையிலிருந்து ஒரு கிலோமீட்டரில் எங்கள் வீடு. பின்புறம் கூரையில்லாத முற்றத்தில் போட ஒரு மேசை, ஒரு பெஞ்சு, இரண்டு நாற்காலிகள் வேண்டும். மரவாடியில் தேக்கு விலையைக் கேட்டதும் திரும்பிவிட்டேன். ‘மாமரத்தில் செய்து வார்னிஷ் அடித்துவிடலாம்’ என்கிறார் தச்சர். தாத்தா வீட்டை இடித்தபோது எடுத்த மூன்று உத்திரங்கள், எட்டடி நீளத்தில், கொல்லையில் கிடக்கின்றன. அவை உதவுமா?

பதில்: மாமரம் வேண்டவே வேண்டாம். மழையில் நனைந்து வெயிலில் காயும் இடத்தில் அதற்கு ஆயுள் குறைவு. டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில், 60 செ.மீ. நீளமும் 5 செ.மீ. கனமும் உள்ள கட்டைகளைப் பாதியளவு மண்ணில் புதைத்து, எத்தனை மாதம் தாங்குகின்றன என்று பார்ப்பார்கள். சராசரியாக 120 மாதமோ அதற்கு மேலோ தாங்கினால் முதல் வகுப்பு. 60 மாதத்துக்குள் உளுத்தால் மூன்றாம் வகுப்பு. தேக்கு முதல் வகுப்பு, மா மூன்றாம் வகுப்பு. வார்னிஷ் இந்தக் கணக்கை மாற்றாது. சித்திரை வெயிலில் அது வெடிக்கும். அந்த வெடிப்பில் ஐப்பசி மழை இறங்கும். இறங்கிய நீர் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நின்று மரத்தைத் தின்னும். ரப்பர் மரமும் பார்சல் பெட்டியிலிருந்து வரும் பைன் பலகையும் அப்படித்தான்.

ஆனால் ‘தேக்கு’ என்ற பெயரை மட்டும் நம்பிப் பணம் கொடுத்தும் ஏமாறலாம். அந்த வகுப்பெல்லாம் வைரத்துக்குத்தான். மரத்தின் நடுவிலுள்ள பழுப்பு நிறப் பகுதி வைரம்; சுற்றிலும் வெளுத்திருப்பதைத் தச்சர்கள் ‘வெள்ளை’ என்பார்கள். தேக்கின் எண்ணெய்ப் பசையும் கரையானை விரட்டும் சத்தும் வைரத்தில்தான் இருக்கின்றன. வெள்ளை, தேக்கினுடையதாகவே இருந்தாலும், மாமரத்தைப் போலவே போய்விடும். இளம் வயதில் வெட்டிய தோட்டத் தேக்கில் பாதிப் பலகை வெள்ளையாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அதற்கு நிறம் ஏற்றி விற்கும்போது கண்டுபிடிக்க, பலகையின் வெட்டுமுனையைப் பார்ப்பதுதான் வழி.

இனி உங்கள் உத்திரங்கள். ஒவ்வொன்றையும் திருப்பிப் போட்டு, சுவருக்குள் இருந்த முனைகளை முதலில் பாருங்கள். ஈரமும் கரையானும் அங்கேதான் தொடங்கும். ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்துங்கள். எளிதாக இறங்கினால் அந்த ஓரடியை வெட்டி எறிந்துவிடலாம், மிச்சம் நன்றாகவே இருக்கக்கூடும். பிறகு ஓர் இடத்தில் இழைப்புளியை ஓட்டச் சொல்லுங்கள். கறுத்துப்போன மேல்தோலுக்கு அடியில் பொன்பழுப்பு நிறம் தெரிந்து, தோல் செருப்பு போல ஒரு வாசனை எழுந்து, கைக்கு மெழுகு தடவியது போல் இருந்தால் அது தேக்கு.

ஐந்துக்கு ஆறு அங்குலக் கனம் என்று வைத்துக்கொண்டால் மூன்றும் சேர்ந்து 5 கன அடி வரும். சேதாரம் மூன்றில் ஒரு பங்கு போனாலும், அளவாக வரைந்தால் நீங்கள் கேட்ட நான்கு சாமான்களையும் செய்து முடித்துவிடலாம். ஆணி இருந்தால் அறுவை மில்லில் தொடமாட்டார்கள், ரம்பம் போய்விடும். பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத்தை மரத்தின்மேல் மெல்ல இழுத்துக்கொண்டே போங்கள். பிடித்து நிற்கும் இடத்தில் தலை முறிந்த ஆணி புதைந்திருக்கும்.

உத்திரம் தேக்காக இல்லாமல் இலுப்பையாகவோ வேங்கையாகவோ இருந்தாலும் வருந்த வேண்டாம். தேர் செய்ய எடுக்கிற மரங்கள் அவை. வேங்கையில் ஒரு சங்கடம்: அந்த மரக் குவளையில் ஊற்றிய தண்ணீர் நிறம் மாறுவது போலவே, முதல் சில மழைகளில் நாற்காலிக் காலிலிருந்து செம்பழுப்புச் சாறு வடிந்து தரையில் கறை பிடிக்கும். வெளிர்நிற டைல்ஸ் என்றால் யோசியுங்கள். புதிதாகத்தான் வாங்க வேண்டுமென்றால், நன்கு முற்றிய பூவரசும் மோசமில்லை. ஆனால் நேரான நீளப் பலகை கிடைப்பது அரிது. கருங்கல் போல் கனக்கும் மரம்தான் நல்லது என்று மரவாடியில் சொல்வார்கள். தேக்கு ஒரு கன அடி 18 கிலோ அளவில்தான் இருக்கும். அதைவிடக் கனமான எத்தனையோ மரங்கள் அதற்கு முன்பே உளுத்துப்போகும்.

மரம் சரியாக அமைந்தும் சாமான் கெடுவது பெரும்பாலும் இரும்பாலும் தண்ணீர் தேங்குவதாலும்தான். உப்புக் காற்றில் சாதாரண ஆணி துருப்பிடிப்பதோடு, மரத்தின் துவர்ப்புச் சத்துடன் சேர்ந்து சுற்றிலும் கறுப்பாக்கிவிடும். எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) ஸ்க்ரூவிலும் 316 கிரேடு என்று கேட்டு வாங்குங்கள். கடலுக்கு இத்தனை அருகில் 304 போதாது. உட்காரும் பலகையை ஒரே பரப்பாக ஒட்டாமல், சட்டங்களுக்கு நடுவே கால் அங்குல இடைவெளி விடச் சொல்லுங்கள். கால்களின் அடிமுனைதான் தண்ணீரை அதிகம் உறிஞ்சும். அங்கே நீர் புகாத எபாக்ஸி பசை தடவி, ரப்பர் குமிழ் வைத்துவிடுங்கள். முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து எடுக்கும் முந்திரி எண்ணெய் தடவலாமே என்று யாராவது சொல்வார்கள். உத்திரத்துக்குச் சரி, உட்காரும் நாற்காலிக்கு வேண்டாம், தோலைப் புண்ணாக்கும்.

தேக்கென்றால் மேலே ஒன்றும் பூசாமலே விடலாம். சில மாதங்களில் சாம்பல் நிறமாகும். அது வெறும் நிறம்தான். உங்கள் தச்சருக்கு மட்டும் அது பிடிக்காது. வார்னிஷ் டப்பாவோடு வந்து நிற்பார். அதை வீட்டுக்குள் இருக்கும் கதவுக்கு அடிக்கச் சொல்லுங்கள்.