இரண்டாம் உலகப் போரை வரைபடம் வைத்துப் படிப்பது எப்படி?

"இரண்டாம் உலகப் போரைப் பற்றி நிறையப் படிக்கிறேன். ஆனால் எது எங்கே நடந்தது, ஏன் அங்கே நடந்தது என்பது பிடிபடவில்லை. எந்த வரைபடத்தை எப்படிப் பார்ப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

எனக்கும் பல வருடங்கள் இதே நிலைதான். டோப்ருக், ரபவுல், ரோஸ்டோவ் என்று பெயர்கள் வரும்போதெல்லாம் கண் அவற்றைத் தாண்டி அடுத்த வரிக்குப் போய்விடும். புத்தகத்தின் நடுவில் வரும் போர்ப் படங்களும் உதவவில்லை. தடித்த அம்புகள் கிழக்கே பாயும், பிறகு மேற்கே திரும்பும். ஓர் அம்பு அந்த இடத்தில் ஏன் நின்றது என்பதை எந்தப் படமும் சொல்லவில்லை. கடைசியில் எனக்கு வழி காட்டியது ஒரு சாதாரண அட்லசும் ஒரு முழம் தையல் நூலும்தான்.

அப்போது வட ஆப்பிரிக்கப் போரைப் படித்துக்கொண்டிருந்தேன். ஜெர்மன் தளபதி ரோமல் 1942 கோடையில் எகிப்துக்குள் புகுந்து எல் அலமைனில் நின்றுவிடுகிறார். அங்கிருந்து அலெக்சாண்டிரியா ஏறத்தாழ 100 கிலோமீட்டர்தான். இவ்வளவு தூரம் வந்தவர் ஏன் நின்றார்? அவருக்குப் பெட்ரோல் வந்து இறங்கிய லிபியத் துறைமுகங்களிலிருந்து நூலைக் கரையோரமாக வளைத்து வைத்து அளந்தேன். பெங்காசியிலிருந்து ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர். டிரிப்போலியிலிருந்து 2,000 கிலோமீட்டருக்கும் மேல். பெட்ரோல் கொண்டுவரும் லாரிகளே அதில் ஒரு பங்கைப் போகவர எரித்துவிடும். அந்தப் பெட்ரோலும் இத்தாலியிலிருந்து கடல் தாண்டி வர வேண்டும். வழியில், சிசிலிக்குத் தெற்கே, அட்லசில் ஒரு புள்ளியாகத் தெரியும் மால்டா பிரிட்டன் கையில் இருந்தது. எதிரே நின்ற பிரிட்டிஷ் படைக்கோ பெரிய துறைமுகமும் ரயில்பாதையும் முதுகுக்குப் பின்னாலேயே இருந்தன.

பிறகு எல் அலமைனுக்குத் தெற்கே பார்த்தேன். கத்தாரா பள்ளம் என்று எழுதியிருந்தது. கடல் மட்டத்துக்கும் கீழே கிடக்கும் உப்புச் சதுப்பும் மணலும். டாங்கிகள் கடக்க முடியாது. அதற்கும் வடக்கே உள்ள கடலுக்கும் இடையில் ஏறத்தாழ 60 கிலோமீட்டர்தான். பாலைவனத்தில் மற்ற இடங்களில் தெற்கே சுற்றிப் போய் எதிரியின் பின்புறத்தில் இறங்கலாம். ரோமலுக்குக் கைவந்த கலையே அதுதான். இங்கே சுற்றிப் போக இடமே இல்லை. அன்று அந்த ஒரு பக்கத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அதற்கு முன் பிரிட்டிஷ் படை லிபியாவுக்குள் எல் அகெய்லா வரை முன்னேறியபோது, அதே நீண்ட சாலை அவர்களுக்குச் சுமையாகியிருந்தது என்பதும் நூலை மறுபக்கம் திருப்பியபோது தெரிந்தது. அந்தப் போர் ஏன் ஊஞ்சல் போல அங்கும் இங்கும் ஆடியது என்ற கேள்வி அத்தோடு தீர்ந்தது.

ஆகவே என் பதில் இதுதான். அம்புகளைப் பிறகு பாருங்கள். படைக்குச் சோறும் எரிபொருளும் குண்டும் எந்த வழியாக வந்தன என்பதை முதலில் தேடுங்கள். துறைமுகம், ரயில்பாதை, கணவாய், ஜலசந்தி, விமானதளம் இவற்றைப் பென்சிலால் குறியுங்கள். எந்த ஊருக்காக அத்தனை பேர் மடிந்தார்கள் என்பது பெரும்பாலும் அங்கேயே விளங்கிவிடும்.

சுவரில் மாட்டும் உலகப் படம் மட்டும் போதாது. ஓர் உலக உருண்டையும் வேண்டும். உருண்டையான பூமியைத் தட்டையாக விரிக்கும் மெர்கேட்டர் முறையில் வரைந்த படத்தில் கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா அதைவிட 14 மடங்கு பெரியது. அந்தப் படத்தில் அமெரிக்கா ஓர் ஓரத்திலும் ஜப்பான் மறு ஓரத்திலும் கிடக்கும். உருண்டையில் சியாட்டிலிலிருந்து டோக்கியோவுக்கு நூலை இழுத்துப் பிடியுங்கள். அது பசிபிக் நடுவே போகாமல் வடக்கே ஏறி, அலாஸ்காவிலிருந்து வரிசையாக நீளும் அலூஷியன் தீவுகளை ஒட்டிப் போகும். 1942 ஜூனில் ஜப்பானியப் படை அட்டு, கிஸ்கா என்ற அந்தப் பனித்தீவுகளில் ஏன் இறங்கியது, அமெரிக்கா அதை ஏன் அலட்சியம் செய்யவில்லை என்பது எனக்கு அதுவரை விளங்கவே இல்லை.

இந்தக் குழப்பம் அந்தக் காலத்து மக்களுக்கும் இருந்தது. 1942 பிப்ரவரி 23 அன்று வானொலியில் பேசிய அதிபர் ரூஸ்வெல்ட், உலக வரைபடத்தை முன்னால் விரித்து வைத்துக்கொண்டு கேட்கும்படி மக்களை முன்கூட்டியே கேட்டுக்கொண்டிருந்தார். செய்தித்தாள்கள் அதற்காகவே படம் அச்சிட்டன. அந்த உரையைப் படிக்கும்போது நீங்களும் அப்படியே செய்து பாருங்கள்.

பசிபிக் போருக்கு நூலைவிடக் காம்பஸ்தான் சரியான கருவி. அங்கே ஒரு தீவின் மதிப்பு, அதிலிருந்து கிளம்பும் விமானம் எவ்வளவு தூரம் போய்த் திரும்ப முடியும் என்பதில் இருந்தது. நியூ கினிக்குப் பக்கத்தில் ஜப்பானியரின் பெரிய தளமாக இருந்த ரபவுலில் காம்பஸ் முள்ளை ஊன்றி ஏறத்தாழ 1,000 கிலோமீட்டருக்கு வட்டம் போட்டால் அதன் விளிம்புக்குப் பக்கத்தில் சாலமன் தீவுகளில் ஒன்றான குவாடல்கனால் வரும். அங்கே ஜப்பானியர் ஒரு விமானதளம் கட்டத் தொடங்கியதும், 1942 ஆகஸ்ட் 7 அன்று அமெரிக்கப் படை அவசரமாக இறங்கியது. அந்தத் தளம் கட்டி முடிந்திருந்தால் அமெரிக்காவையும் ஆஸ்திரேலியாவையும் இணைத்த கப்பல் பாதைக்கே ஆபத்து. அதேபோல் டோக்கியோவில் முள்ளை ஊன்றி 2,400 கிலோமீட்டருக்கு வட்டம் போடுங்கள். சைப்பான், டினியன் தீவுகள் அந்தக் கோட்டை ஒட்டி வரும். 1944இல் அந்தச் சிறு தீவுகளுக்காக அவ்வளவு ரத்தம் சிந்தியது எதற்கு என்று விளங்கும்: அமெரிக்காவின் பி-29 குண்டுவீச்சு விமானம் அங்கிருந்து டோக்கியோவுக்குப் போய்த் திரும்ப முடிந்தது.

பசிபிக் நடுவே ஓடும் சர்வதேசத் தேதிக் கோட்டையும் மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள். அதைத் தாண்டினால் தேதி ஒரு நாள் மாறிவிடும். ஹவாயில் பேர்ல் ஹார்பர் தாக்குதல் 1941 டிசம்பர் 7, மலாயாவின் கோட்டா பாருவில் ஜப்பானியர் இறங்கியது டிசம்பர் 8. ஆனால் கோட்டா பாருதான் ஏறத்தாழ ஒரு மணி நேரம் முந்தியது. கோட்டைக் கவனிக்காமல் தேதியை மட்டும் படித்தால் வரிசையே தலைகீழாகிவிடும்.

இன்றைய எல்லைகளை வைத்து 1939ஐப் படிக்காதீர்கள். நான் அதில் நிறையத் தடுமாறினேன். அன்றைய போலந்து இன்றைய போலந்தைவிடக் கிழக்கே தள்ளி இருந்தது. இன்று உக்ரைனில் உள்ள லிவிவ் அன்று போலந்தின் நகரம். இன்று போலந்தில் உள்ள விராட்ஸ்வாஃப் அன்று பிரெஸ்லாவ் என்ற ஜெர்மன் நகரம். பழைய படம் ஒன்றும் புதிய படம் ஒன்றும் அருகருகே இருக்கட்டும்.

நிறம் பூசிய பகுதிகளையும் அப்படியே நம்ப வேண்டாம். சீனாவில் ஜப்பான் பிடித்ததாக நிறம் தீட்டிய பரப்பில் நகரங்களும் ரயில்பாதைகளும்தான் உறுதியாக அவர்கள் கையில் இருந்தன. கிராமப்புறத்தின் பெரும்பகுதி அப்படி இல்லை.

ரஷ்யப் போர்முனைக்கு வரும்போது பருவத்தையும் சேர்த்துப் படியுங்கள். அக்டோபர் படத்தில் கோடாகத் தெரியும் சாலை, மழைக்குப் பின் முழங்கால் அளவு சேறு. ரயில்பாதையை நம்பலாம் என்றால் அங்கே தண்டவாள இடைவெளி 1,524 மில்லிமீட்டர், ஜெர்மனியில் 1,435. ஜெர்மன் படை அதை மாற்றிப் போட்டுக்கொண்டே முன்னேற வேண்டியிருந்தது.

லெனின்கிராடுக்கு (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) வந்தபோது என் படத்தில் ஜெர்மன் முற்றுகைக் கோடு நகரத்தைச் சுற்றி இறுகியிருந்தது. ஒரு பக்கம் மட்டும் நீல நிறத்தில் லடோகா ஏரி. 1941 செப்டம்பரில் முற்றுகை தொடங்கியது. நவம்பரில் வேலை செய்யாதவர்களுக்கும் குழந்தைகளுக்கும் நாளைக்கு 125 கிராம் ரொட்டி. வெளியே போக வழி ஏதாவது இருந்ததா என்று அந்தப் பக்கத்தில் தேடித் தேடிப் பார்த்தேன். சாலை எதுவும் இல்லை. அந்த மாதமே ஏரி உறைந்தது. முதலில் குதிரை வண்டிச் சறுக்குகள், பிறகு மாவு மூட்டைகளோடு லாரிகள், பனிக்கட்டியின் மேலேயே நகரத்துக்குள் வந்தன. திரும்பும்போது ஆட்களை ஏற்றிக்கொண்டு போயின. என் அட்லசில் அந்த நீலத்தின் குறுக்கே பென்சிலால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் "நவம்பர் முதல் ஏப்ரல் வரை" என்று எழுதி வைத்திருக்கிறேன்.