நடுக்கோட்டிலிருந்து எறிந்தாலும் மூன்றுதான்

கேள்வி: மன்னார்குடி அருகே ஒரு பள்ளி மைதானத்தில் நடந்த கூடைப்பந்து ஆட்டத்தில், என் மகள் நடுக்கோட்டருகிலிருந்து தோழிக்கு வீசிய பந்து நேராக வளையத்துக்குள் விழுந்தது. "அது பாஸ், ஷாட் அல்ல" என்று 2 புள்ளிகளே கொடுத்தார்கள். பின்னர் மூன்று புள்ளிக் கோட்டை மிதித்தபடி அவள் எறிந்ததற்கும் 2 தான். இவை சரியா?

பதில்: முதல் தீர்ப்பு தவறு; இரண்டாவது சரி. பன்னாட்டுச் சம்மேளனமான ஃபிபாவின் விதிகளில், எறிந்தவரின் நோக்கம் கணக்கில் வருவதில்லை. பந்து எந்த இடத்திலிருந்து விடப்பட்டது என்பதே புள்ளியைத் தீர்மானிக்கிறது. ஆகவே, கூடையைச் சுற்றி வளைந்து ஓடும் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து தோழிக்காக வீசிய பந்து எதிரணியின் கூடைக்குள் விழுந்தால் 3 புள்ளிகள். ஆனால் எவ்வளவு தொலைவானாலும் 3க்கு மேல் கிடையாது. நடுக்கோட்டிலிருந்து வளையத்தின் மையம் ஏறத்தாழ 12.4 மீட்டர் என்பதால் இது சற்று அநியாயமாகத் தோன்றலாம், விதி அதுதான்.

மூன்று புள்ளிக் கோடு 2 புள்ளிப் பகுதியைச் சேர்ந்தது. எறிபவரின் கால்விரல் நுனி அதில் பட்டிருந்தாலும் 2 தான். கோட்டுக்கு வெளியே தரையை உதைத்து எழும்பி, பந்தை விட்டபின் உள்ளே இறங்கினால் 3 நிலைக்கும். அந்த முயற்சியின்போது எதிராளி பவுல் செய்து பந்து விழாமற்போனால் மூன்று ஃப்ரீ த்ரோ, அதாவது யாரும் தடுக்காமல் எறியும் வாய்ப்பு. விழுந்துவிட்டால் 3 புள்ளிகளுடன் ஒரு ஃப்ரீ த்ரோ.

உங்கள் மைதானத்தின் கோட்டையும் ஒருமுறை அளந்து பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுண்ணாம்புக் கோடு கரைந்தபின் டெல்டாப் பள்ளிகளில் அதைக் கண்ணளவில் மீண்டும் போடுவது புதிதல்ல. போர்டு நிற்கும் கம்பத்திலிருந்து அளக்கக் கூடாது. வளையத்தின் மையத்துக்கு நேர் கீழே, அதாவது பின்எல்லைக் கோட்டின் உள்விளிம்பிலிருந்து 1.575 மீட்டர் தள்ளி, தரையில் ஒரு புள்ளி குறித்து, அங்கிருந்து வளைகோட்டின் வெளிவிளிம்பு வரை 6.75 மீட்டர் வருமாறு கயிறு பிடிக்க வேண்டும். மூலைகளில் மட்டும் கோடு பக்க எல்லையிலிருந்து 90 சென்டிமீட்டர் உள்ளே நேராக ஓடும். 15 மீட்டர் அகல மைதானத்தில் அங்கே தொலைவு 6.60 மீட்டராகக் குறையும். 2010 வரை இருந்த 6.25 மீட்டர் கோடு பழைய சிமென்ட் தளத்தில் பெயின்டாக எஞ்சியிருந்தால், எந்தக் கோடு செல்லும் என்று ஆட்டத்துக்கு முன்பே நடுவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.