திரையில் பளிச், தாளில் இருட்டு: மயில் ஓவிய அச்சு

ஓவியக் கோப்பில் இப்போதைக்கு எதையும் மாற்றாதீர்கள். முதலில் திரையின் வெளிச்சத்தைக் குறையுங்கள். கணினியில் பளிச்சென்று தெரியும் மயில் ஓவியம் பளபளப்பில்லாத மேட் தாளில் இருண்டு வருகிறது, 20 பிரதிகள் வீணாகிவிட்டன என்று எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் குற்றம் அச்சகத்தின் மீது இருக்காது. திரை தானே ஒளிர்கிறது. தாள் தன்மேல் விழும் ஒளியைத் திருப்பித் தருவதோடு சரி.

திரையில் வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்து, அருகில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துப் பாருங்கள். திரை ட்யூப்லைட் போல எரிந்தால், இரண்டும் ஏறக்குறைய ஒரே வெண்மையாகத் தெரியும்வரை குறையுங்கள். வண்ணத் திருத்தம் அதன் பிறகுதான்.

அடுத்து, முழு ஓவியத்தையும் அச்சிட வேண்டாம். கழுத்தும் தோகையின் நிழலும் சேரும் சிறு பகுதியை மட்டும் வெட்டி, படத்தின் வெளிச்சத்தை நான்கு அளவில் மாற்றி, ஒரே ஏ4 தாளில் அடுக்கி அச்சிடுங்கள். விற்கப்போகும் அதே தாளாக இருக்க வேண்டும். இன்க்ஜெட் என்றால் ஒரு நாள் காயவிட்டு, சன்னலோரப் பகல் வெளிச்சத்தில் வைத்துத் தேர்ந்தெடுங்கள். காயாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டுவிடாதீர்கள். அப்படி ஒரு கட்டு முழுவதும் மை ஒட்டிப் போனது எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஒன்று மட்டும்: அந்தக் கழுத்து நீலம் முழுதாக வராது. சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு மைகளைக் கலக்கும் நான்கு வண்ண அச்சில் அவ்வளவு ஒளிரும் நீலம் கிடைப்பதில்லை. மங்கும், சில நேரம் ஊதாப் பக்கம் சாயும். ஆகவே விற்பனைக்குக் கணினிக் கோப்பைக் காட்டாமல், அச்சான தாளையே படமெடுத்துக் காட்டுங்கள். வாங்குபவர் கைக்குப் போவது அதுதானே.